'நன்றி' என்ற சொல் இல்லாமல் வீட்டில் நன்றி சொல்வது எப்படி? ஒரு குழந்தை, ஒரு நாய், ஒரு பூனை உள்ள வீட்டிலிருந்து

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் நன்றி சொல்வதில்லை. கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது அத்தை கஞ்சி வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். "ரொம்ப நன்றி அத்தை" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "ஏம்மா, ஊருக்குக் கிளம்புறியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் நன்றி என்பது மேடைச் சொல். ஆண்டு விழாவின் கடைசியில் நன்றியுரை வரும், கடை பில்லின் அடியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று வரும். நமக்குச் சோறு போடுகிறவர்களிடம் அதைச் சொன்னால் அவர்களை வெளியாள் ஆக்கியதுபோல் ஆகிவிடுகிறது.

ஆனால் சொல்லாமலே விட்டதும் சரியாக வரவில்லை. பாப்பா பிறந்து, அவளுக்கு ஒரு வயது ஆவதற்குள் எங்கள் நாய் மணியும் வந்து சேர்ந்த பிறகு, வீட்டில் பேச்சு என்றாலே புகார்தான் என்று ஆகிவிட்டது. பால் பொங்கிவிட்டது, யார் கேட்டைத் திறந்துவிட்டது, ஏன் மணிக்கு இன்னும் சாப்பாடு வைக்கவில்லை, யார் இந்தத் துண்டை ஈரத்தோடு கட்டிலில் போட்டது. இவ்வளவுக்கும் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஓடி ஓடி வேலை செய்துகொண்டுதான் இருந்தோம், அது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருடமாகச் சில பழக்கங்களை மெல்ல மெல்ல மாற்றிப் பார்த்ததில் எங்களுக்கு ஒத்து வந்தவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி இரண்டு வரி. திருச்சியில் பொன்மலைப் பக்கம் கீழ்த்தள வாடகை வீடு, முன்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் தரை. நான், ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவர், அத்தை, மூன்றரை வயதுப் பாப்பா. மணி தெருவில் பிறந்த நாட்டு நாய், ஒரு மழை நாளில் எங்கள் ஸ்கூட்டருக்கு அடியில் குட்டியாக ஒதுங்கியவன். சிட்டு பூனை. அவளை யாரும் கூட்டிவரவில்லை, அவளாகவே வந்தாள்.

பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்

எல்லாவற்றிலும் சுலபமானதும் அதிகம் பலன் தந்ததும் இதுதான். 'நன்றி', 'சூப்பர்', 'குட் கேர்ள்' எதுவும் வேண்டாம். அவர் என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று, இந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள். "அத்தை, ரசத்துல மிளகு தூக்கலா போட்டீங்கல்ல, மூக்கடைப்பு அப்படியே விட்டுருச்சு." "ஏங்க, நேத்து ராத்திரி மணியை நீங்க வெளிய கூட்டிட்டுப் போனதால நான் ஒன்பதரைக்கே தூங்கிட்டேன்." இதில் நன்றி என்ற சொல்லே இல்லை, ஆனால் கேட்பவருக்கு அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. ரசத்தைப் பற்றிச் சொன்ன அன்று அத்தை ஊருக்குக் கிளம்புகிறாயா என்று கேட்கவில்லை. "மிளகு நேத்துதான் வறுத்து இடிச்சேன்" என்று ஆரம்பித்து, அவருடைய அம்மா எப்படி ரசம் வைப்பார் என்று அரை மணி நேரம் பேசினார்.

குழந்தையிடம் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். பாப்பாவின் வேலை, காலையில் மணியின் மண் சட்டியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவது. பாதி தரையில்தான் போகும். முன்பெல்லாம் "சமத்து" என்று சொல்லிவிட்டு தரையைத் துடைக்கப் போய்விடுவேன், அவளும் ஓடிவிடுவாள். இப்போது, "நீ தண்ணி ஊத்தின, மணி பாரு, நாக்கால எப்படி அள்ளி அள்ளிக் குடிக்கிறான்" என்று சொல்கிறேன். அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் குடித்து முடிக்கும் வரை பார்க்கிறாள். தான் செய்தது இன்னொரு உயிருக்கு என்னவாக ஆனது என்பதை அவள் கண்ணால் பார்க்கிறாள். நன்றி என்றால் என்னவென்று மூன்றரை வயதுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தையின் குழம்பைப் புகழ்ந்துவிட்டு பாத்திரத்தை அவர் தலையிலேயே விட்டால் அந்தப் புகழ்ச்சி அவருக்கு எரிச்சலைத்தான் தரும். நிறைய வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. நாள் முழுக்க வேலை செய்கிற பெண்ணிடம் "நீ இல்லேன்னா இந்த வீடே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்காருவது நன்றி ஆகாது. சொல்வதோடு ஒரு வேலையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சமைத்தவர் பாத்திரம் தேய்ப்பதில்லை, மணியைக் காலையில் நடத்திக் கூட்டிப் போனவர் மாலையில் போவதில்லை.

வாசலுக்கு எழுந்து போங்கள்

நாய் நன்றியுள்ள பிராணி என்று எல்லோரும் சொல்கிறோம், அது அப்படி என்னதான் செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. மணி செய்வதைக் கவனித்தேன். வீட்டு ஆள் வந்தால் எழுந்து வாசலுக்கு வருகிறான், முகத்தைப் பார்க்கிறான், வாலை ஆட்டுகிறான். எத்தனை தடவை வந்தாலும் அப்படித்தான். குப்பை கொட்டிவிட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பினாலும் அதே வரவேற்பு. கணவர் இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு வரும்போது தெருமுனையில் அவர் பைக் திரும்பும் சத்தம் எங்கள் யாருக்கும் கேட்காது, மணியின் காது மட்டும் நிமிரும்.

அவனைப் பார்த்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். யார் வெளியே போய்விட்டு வந்தாலும், உள்ளே இருப்பவர் போனை வைத்துவிட்டு வாசல் வரை போக வேண்டும். அடுப்பில் ஏதாவது இருந்தால் மட்டும் விலக்கு. முதல் வாரம் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் பாப்பா அதை மணியோடு ஓடும் ஓட்டப்பந்தயமாக மாற்றிவிட்டாள். அத்தைக்கு முழங்கால் வலி, எழுந்து வர முடியாது, இருந்த இடத்திலிருந்தே "வந்துட்டியாப்பா?" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவதாகக் கணவர் ஒரு நாள் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை.

தேதி கிழிக்கும் காலண்டரைப் பயன்படுத்துங்கள்

எழுதி வைப்பது நல்லதுதான், ஆனால் குழந்தையும் நாயும் உள்ள வீட்டில் டைரி எழுத யாருக்கு நேரம்? நானும் ஒரு நல்ல நோட்டு வாங்கி நான்கு நாள் எழுதினேன், ஐந்தாம் நாள் அது பாப்பாவின் படம் வரையும் நோட்டு ஆயிற்று. பிறகு கண்ணில் பட்டது சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். காலையில் தாள் கிழிப்பது பாப்பாவின் உரிமை, அவள் தூங்கும்போது யாராவது கிழித்துவிட்டால் அன்று முழுக்க அழுகைதான். கிழித்த தாளைத் தூக்கி எறியாமல் காலண்டருக்குக் கீழே ஆணியில் மாட்டிய கிளிப்பில் சேர்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கும்போது ஏழு தாளையும் தரையில் பரப்பி, எந்த நாளை வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு தாளைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்பக்கம் அன்று நடந்ததை எழுதுகிறோம். (சில காலண்டர்களில் பின்பக்கம் வைத்தியக் குறிப்பு அச்சிட்டிருப்பார்கள், அப்படியென்றால் முன்பக்க ஓரத்தில் எழுதலாம்.) எழுதிய தாள் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகும், மற்ற ஆறும் குப்பைக்கு.

ஏன் தினமும் எழுதாமல் வாரம் ஒரு முறை? அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் 10 வாரம், வாரத்துக்கு ஒரு முறை, தாங்கள் நன்றியோடு நினைக்கும் விஷயங்கள் ஐந்து வரை எழுதினார்கள், இன்னொரு பகுதியினர் அந்த வாரத்துத் தொல்லைகளை எழுதினார்கள். முதல் கூட்டம் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்தது, உடற்பயிற்சியும் கூடுதலாகச் செய்தது. அதே நாட்டில் சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற பேராசிரியரின் குழு 6 வாரம் செய்து பார்த்தபோது, வாரம் ஒரு முறை எழுதியவர்களின் மகிழ்ச்சிதான் கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. தினமும் எழுதினால் நான்காம் நாளே 'எல்லோரும் நலம், கடவுளுக்கு நன்றி' என்று கை தானாக எழுத ஆரம்பித்துவிடும்.

எழுதும்போது பெரிய சொற்களைத் தவிருங்கள். 'அன்பான குடும்பம் கிடைத்ததற்கு' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது ஒன்றுமே நினைவுக்கு வராது. எங்கள் பாட்டிலில் உள்ள ஒரு தாள் இது: 'புதன். மழை. கரண்ட் இல்லை. பாப்பா மணியின் காதைத் தூக்கி அதற்குள், "மணி, உள்ள இருக்கியா?" என்று கேட்டாள். அப்பாயி சிரித்து இருமல் வந்துவிட்டது.' (அப்பாயி என்பது அத்தைதான்.) இதைப் படித்தால் அந்த மழை வாசனையே வந்துவிடுகிறது. கிழமை, என்ன வானிலை, யார் என்ன சொன்னார்கள், இவ்வளவு போதும். எழுதத் தெரியாத குழந்தை சொல்லட்டும், நீங்கள் அதன் சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். 'தண்ணி' என்பதைப் பாப்பா 'நண்ணி' என்றுதான் சொன்னாள், நான்கு தாளில் 'நண்ணி' என்றே எழுதியிருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் திடீரென்று சரியாகச் சொல்லிவிட்டாள், இனி அந்தச் சொல் அந்தப் பாட்டிலில் மட்டும்தான்.

சிந்தும் சோற்றைப் பற்றி

பாண்டியன் அறிவுடை நம்பி என்ற அரசன் பாடிய ஒரு பாட்டு புறநானூற்றில் 188-ஆவதாக இருக்கிறது. எவ்வளவு செல்வம் இருந்தாலும், குறுகுறுவென்று நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச் சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தைகள் இல்லாதவருக்கு வாழ்ந்த நாளில் பயன் இல்லை என்கிறான். பள்ளியில் மனப்பாடப் பகுதியாக ஒப்பித்தபோது எனக்கு அது மதிப்பெண். இப்போது தரையெல்லாம் பருப்புச் சோறாகக் கிடக்கும்போது, நான் கத்தப் போவது எதைப் பார்த்தோ, அதைத்தான் அந்த அரசன் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லியிருக்கிறான் என்று நினைவு வருகிறது. உடனே கோபம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்துவதற்கு முன் ஒரு மூச்சு விடும் நேரம் கிடைக்கிறது.

சிந்தியதைச் சுத்தம் செய்ய எங்கள் வீட்டில் மணி தயாராக இருப்பான், இங்கேதான் கவனம் தேவை. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் அழிக்கும், அதனால் சாம்பார் சாதம் சிந்தினால் நான்தான் துடைக்கிறேன். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம், உலர்திராட்சை அதைவிட மோசம். உப்பில்லாத பருப்புச் சோறோ வெறும் தயிர்ச் சோறோ விழுந்தால் மணி பார்த்துக்கொள்வான். பாப்பாவுக்கு இதைப் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அவளே "மணிக்கு வெங்காயம் ஆகாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

மணி பல் காட்டிய நாள்

இதை எழுதாமல் விட்டால் நான் எழுதியது பாதிதான் உண்மை. போன வருடம் ஒரு மத்தியானம், மணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாப்பா பின்னாலிருந்து போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் உறுமினான். அவள் விடவில்லை. சட்டென்று திரும்பினான், பல் அவள் முன்கையில் உரசி ஒரு கீறல். நான் இரண்டடி தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கையைக் குழாயடியில் வைத்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினோம், அவள் அழுதுகொண்டே இருந்தாள், நானும்தான். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனோம். மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தோம், இருந்தும் மருத்துவர் பாப்பாவுக்கு ஊசி போட்டார், அன்று ஒன்று, அப்புறம் 3, 7, 28 ஆகிய நாட்களில். 'வீட்டு நாய்தானே' என்று யாரும் விட்டுவிடாதீர்கள், வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை. நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு வருடா வருடம். எங்கள் காலண்டரில் மணியின் ஊசித் தேதியில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறது.

அன்று இரவு மணியை என்ன செய்வது என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம் என்றுகூட ஒரு குரல் வந்தது. கால்நடை மருத்துவர் கேட்ட கேள்வி எங்களை மாற்றியது: "கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமினானா?" உறுமினான். "அப்ப அவன் சொல்லிட்டுத்தான் செஞ்சிருக்கான். உறுமினதுக்கு அடிச்சுராதீங்க. அடிச்சா அடுத்த தடவை சொல்லாம கடிப்பான்." அந்த உறுமல் எங்கள் குழந்தைக்கு அவன் கொடுத்த எச்சரிக்கை. அதைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியது எங்கள் பொறுப்பு.

அதன் பிறகு வைத்த விதிகள்: சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது, கூப்பிட்டு அவனாக வந்தால் நெஞ்சுப் பக்கம் தடவலாம். நாய் உதட்டை நக்கினால், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால், 'போதும்' என்று அர்த்தம். பெரியவர் பக்கத்தில், கண் பார்வையில் இல்லாமல் இரண்டு பேரையும் ஒரே அறையில் விடுவதில்லை, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி. மணியின் சாப்பாடு இப்போது கதவு சாத்திய பின்கட்டில். இதெல்லாம் நன்றியில் சேருமா என்று கேட்டால், சேரும் என்றுதான் சொல்வேன். அவன் நிம்மதியாகச் சாப்பிட ஓர் இடம் கொடுப்பது, அவன் வாசலுக்கு ஓடி வருவதற்கு நாங்கள் திருப்பிச் செய்வது. அந்த வாரம் பாட்டிலுக்குள் போன தாளில் ஒரே வரிதான்: 'கீறலோடு போயிற்று.'

சிட்டுவுக்கு

பூனைக்கு நன்றி கிடையாது என்று அத்தை முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூனையின் வழி வேறு. வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து காலில் தலையை உரசினால் தன் வாசனையை நம் மேல் பூசி, 'இவர் நம்ம ஆள்' என்று குறித்து வைக்கிறது. இன்னொன்று கண். 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதர் பூனையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால் பூனையும் அப்படியே திருப்பிச் செய்வது கூடுகிறது என்று கண்டார்கள். பாப்பாவுக்கு இது பிடித்த விளையாட்டு. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டாமல், கண்ணை மெல்ல மூடித் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றரை வயதுக் குழந்தை வேறு எதற்கும் இவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாட்டுப் பொங்கலை விட்டுவிடாதீர்கள்

வாயில்லா ஜீவனுக்கு நன்றி சொல்ல நம்மிடம் ஒரு நாளே இருக்கிறது. மாடு இல்லாத வீடு என்று நாங்கள் அதைச் சும்மா விட்டுக்கொண்டிருந்தோம். இந்த இரண்டு வருடமாக, தை இரண்டாம் நாள் காலையில் மணிக்குக் குளிப்பாட்டு. அப்புறம் ஒரு சாமந்தி மாலை, ஒரு போட்டோ எடுக்கும் வரைதான் கழுத்தில் நிற்கும், பிடிக்காமல் உதறினால் விட்டுவிடுங்கள். சிட்டுவைக் குளிப்பாட்ட வேண்டாம், அவள் பக்கத்தில் ஒரு பூ வைத்தால் போதும். சர்க்கரைப் பொங்கலில் உலர்திராட்சை இருக்கும் என்பதால் அது வேண்டவே வேண்டாம், உப்பு போடாத வெறும் பச்சரிசிச் சோறு கொஞ்சம் தனியாக எடுத்து ஆறவைத்து வைக்கிறோம். பிறகு வீட்டில் ஒவ்வொருவரும் மணி இந்த வருடம் செய்த ஒன்றை அவன் முன்னால் சொல்ல வேண்டும். அத்தை முதல் வருடம் மறுத்தார். இந்தப் பொங்கலுக்கு அவராகவே, "எனக்கு முழங்கால் வலிச்சு ராத்திரி எந்திரிச்சப்பல்லாம் நீயும் எந்திரிச்சு வந்து உக்காந்தடா" என்றார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. அவர் இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பதே தெரியாது. அந்த வாரமே முழங்காலை மருத்துவரிடம் காட்டினோம்.

பாட்டில் நிரம்பினால் தாள்களை எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைத்துவிட்டு மறுபடி காலியாக ஆரம்பியுங்கள், ஈரம் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். இரண்டு வாரம் விட்டுப்போனாலும் பரவாயில்லை, சேர்த்து எழுத வேண்டாம், அடுத்த ஞாயிறு போதும். நாளை ஞாயிறு. கிளிப்பில் ஏழாவது தாள் காலையில் சேரும். பாப்பா செவ்வாய்க்கிழமைதான் வேண்டும் என்கிறாள், அன்றுதான் சிட்டு முதல் முறையாக அவள் மடியில் ஏறிப் படுத்தது. அவள் அப்பாவுக்கு வியாழன். அத்தை இன்னும் சொல்லவில்லை.